ஒரே கரன்சி, இரண்டு சார்ட்: எதை வைத்து டிரேடு எடுப்பது?

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே கரன்சி டிரேடிங் செய்கிறேன். டெமோவில் பழகிவிட்டு இப்போது சிறிய தொகையோடு நிஜக் கணக்கு தொடங்கியிருக்கிறேன். யூரோ/டாலர், டாலர்/யென் இரண்டு மட்டும்தான். நான்கு மணி நேர சார்ட்டும் தினசரி சார்ட்டும் பார்ப்பேன். புரோக்கர் கொடுத்த மெட்டாடிரேடர் 4-இல்தான் எல்லாம். நண்பர் டிரேடிங்வியூ வைத்திருக்கிறார். அவர் சார்ட்டில் விற்கச் சொல்லி அழகாக ஒரு கேண்டில் வருகிறது; அதே நேரத்தில் என் சார்ட்டில் அப்படி ஒன்றுமே இல்லை. போன வாரம் விலை என் ஸ்டாப்லாஸைத் தொடவே இல்லை, ஆனாலும் டிரேடு மூடிவிட்டது. என் மென்பொருளில் கோளாறா? சந்தா கட்டி வேறு மென்பொருளுக்கு மாறவா? வாங்கு, விற்பனை செய் என்று அம்புக்குறி காட்டும் இண்டிகேட்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா? சார்ட்டை எப்படி அமைத்துக்கொள்வது? இரண்டாவது மானிட்டர் தேவையா?

பதில்: உங்கள் மென்பொருளில் கோளாறு இல்லை. நண்பருடையதிலும் இல்லை. கேண்டில் (ஒரு கால அளவின் தொடக்கம், உச்சம், தாழ்வு, மூடும் விலை நான்கையும் ஒரே பட்டையில் காட்டுவது) வேறுபடுவதற்கும் ஸ்டாப்லாஸ் (நஷ்டம் எல்லை தாண்டாமல் டிரேடைத் தானாக மூட நீங்கள் குறிக்கும் விலை) அடிபட்டதற்கும் காரணம், சார்ட்டுக்குள் வந்து விழும் விலையிலும் நேரத்திலும் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் எந்த மென்பொருள் என்ற கேள்வி பாதி கரைந்துவிடும். அதனால் அந்த இரண்டையும் விரிவாகவே சொல்கிறேன்.

பங்குச் சந்தைக்கு மணி அடித்துத் திறக்கும் ஓர் இடம் உண்டு, மூடும் விலை என்று ஒன்றும் உண்டு. கரன்சிக்கு அது கிடையாது. பன்னாட்டுத் தீர்வு வங்கி 2025 ஏப்ரலில் எடுத்த கணக்குப்படி உலகில் ஒரு நாளைக்குக் கைமாறும் நாணயம் 9.6 டிரில்லியன் டாலர். இவ்வளவும் வங்கிகள், மின்னணுத் தளங்கள், புரோக்கர்கள் என்று பல இடங்களில் சிதறி நடக்கிறது. ஆகவே ‘யூரோவின் இன்றைய குளோசிங் விலை’ என்று யாரும் முத்திரை குத்தித் தருவதில்லை. நியூயார்க் நேரம் மாலை 5 மணியை நாள் முடிவு என்று வைத்துக்கொள்வது சந்தையின் வழக்கம், அவ்வளவுதான். அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதா, தன் சர்வர் கடிகாரத்தின் நள்ளிரவில் நாளை முடிப்பதா என்பதை உங்கள் புரோக்கர் முடிவு செய்கிறார்.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். குளிர்காலத்தில் நியூயார்க் மாலை 5 மணி என்பது ஜிஎம்டி இரவு 10. நண்பரின் சார்ட் அதையே தொடக்கமாக வைத்து வெட்டினால் நான்கு மணி நேர கேண்டில்கள் ஜிஎம்டி 10, 2, 6 என்று தொடங்கும். உங்கள் புரோக்கரின் சர்வர் ஜிஎம்டி-யில் ஓடினால் உங்களுக்கு 12, 4, 8 என்று தொடங்கும். ஒரு காலைப் பொழுதில் யூரோ/டாலர் 6 மணிக்கு 1.0800-இல் இருந்து, 8 மணிக்கு 1.0840 வரை ஏறி, 10 மணிக்கு 1.0795-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். நண்பரின் 6–10 கேண்டிலில் 40 பிப் (யூரோ/டாலரில் ஒரு பிப் என்பது 0.0001) நீளமான மேல் வால், கீழே சின்ன உடல். விற்கச் சொல்லும் ‘பின் பார்’ வகைக் கேண்டில் இது. உங்கள் சார்ட்டிலோ 4–8 கேண்டில் 1.0840-இல் உச்சியிலேயே முடிந்த முழுப் பச்சை. அடுத்த 8–12 கேண்டில் 1.0840-இல் தொடங்கி, 1.0795 வரை போய், 1.0815-க்குத் திரும்பி மூடியிருக்கிறது. சிவப்புதான், ஆனால் கீழே வால் விட்ட சிவப்பு. அதைப் பார்த்து விற்க யாருக்கும் தோன்றாது. விலை ஒன்றுதான். கத்திரிக்கோல் வைத்த இடம்தான் வேறு.

இன்னொன்றும் உண்டு. சர்வர் ஜிஎம்டி-யில் ஓடினால் ஞாயிறு இரவு சந்தை திறந்ததிலிருந்து நள்ளிரவு வரையான இரண்டு மூன்று மணி நேரம் தனி ‘நாள்’ ஆகிவிடும். வாரத்துக்கு ஐந்து தினசரி கேண்டில் வர வேண்டிய இடத்தில் ஆறு வரும். பார்க்கக் குட்டியாக, ஒன்றும் செய்யாதது போல இருக்கும். ஆனால் கணக்கை எல்லாம் அது கெடுக்கும். 20 நாள் மூவிங் ஆவரேஜ் (கடைசி 20 நாள் விலையின் சராசரி) என்பது நான்கு வாரம். ஆறு கேண்டில் வாரத்தில் அதே 20 மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். நாளொன்றுக்கு 80 பிப் ஆடும் ஒரு ஜோடியில் ஞாயிறு கேண்டில் 15 பிப் மட்டுமே ஆடினால், 14 நாள் ஏடிஆர் (விலை நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) 80-லிருந்து 70-க்கு அருகே இறங்கிவிடும். ஏடிஆரில் ஒன்றரை மடங்கு தள்ளி ஸ்டாப் வைப்பவர் 120 பிப்புக்குப் பதில் 105-இல் வைத்துவிட்டு ஏன் அடிபட்டது என்று யோசித்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை பிவட் புள்ளிகளோ (முந்தைய நாள் விலையிலிருந்து கணக்கிடும் நிலைகள்) முழுக்க அந்த ஞாயிறுத் துண்டை வைத்தே கணக்காகும். அவற்றைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம்.

சரி, உங்கள் சர்வர் எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெட்டாடிரேடரில் மார்க்கெட் வாட்ச் சன்னலின் தலைப்பில் ஓடும் நேரம்தான் சர்வர் நேரம். அதை ஜிஎம்டி-யோடு ஒப்பிடுங்கள். சந்தை ஓடும் நேரத்தில் பாருங்கள். வார இறுதியில் அது கடைசி விலை வந்த நேரத்தோடு நின்றிருக்கும். அப்புறம் தினசரி சார்ட்டில் ஒரு வாரத்துக்கு எத்தனை கேண்டில் என்று எண்ணுங்கள். குளிர்காலத்தில் ஜிஎம்டி+2, கோடையில் ஜிஎம்டி+3 என்று ஓடும் சர்வர் என்றால் அதன் நள்ளிரவும் நியூயார்க் மாலை 5 மணியும் ஒன்றாக விழும், கேண்டில் ஐந்துதான் இருக்கும். மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் மட்டும் கவனம் தேவை. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. புரோக்கர் ஐரோப்பியக் கடிகாரத்தைப் பின்பற்றினால் இடைப்பட்ட வாரங்களில் நாள் முடிவு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

மெட்டாடிரேடரில் கேண்டில் வெட்டும் நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது. டிரேடிங்வியூவில் நேர மண்டலம் மாற்றும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது கீழே தெரியும் நேர எழுத்துகளைத்தான் மாற்றும். கேண்டில் வெட்டப்படும் இடம் அந்த விலை ஊட்டத்தின் (சார்ட்டுக்கு விலை வரும் மூலத்தின்) அமர்வு நேரப்படியே இருக்கும். எனவே சர்வர் நேரம் ஒத்துவராவிட்டால் வழி ஒன்றுதான்: நியூயார்க் முடிவை வைத்து ஓடும் ஊட்டம் ஒன்றில் சார்ட் பாருங்கள், ஆர்டரை உங்கள் புரோக்கரிடம் போடுங்கள். இரண்டும் ஒரே மென்பொருளில் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இனி ஸ்டாப்லாஸ் கதை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது விற்ற டிரேடாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மெட்டாடிரேடர் 4 சார்ட்டை பிட் விலையில்தான், அதாவது நீங்கள் விற்றால் கிடைக்கும் விலையில்தான், வரைகிறது. நீங்கள் விற்ற டிரேடை மூட வேண்டுமென்றால் வாங்க வேண்டும், வாங்குவது ஆஸ்க் விலையில். 1.0820-இல் விற்று 1.0850-இல் ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள். சார்ட்டில் தெரியும் உச்சம் 1.0848. அந்தக் கணத்தில் ஸ்பிரெட் (பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இடைவெளி) 3 பிப் என்றால் ஆஸ்க் 1.0851. ஸ்டாப் அடிபட்டது நியாயம்தான். சார்ட்டில் மட்டும் அது தெரியாது. நியூயார்க் மாலை 5 மணியை ஒட்டிய சில நிமிடங்களில் வங்கிகள் ஒதுங்கி நிற்கும், ஸ்பிரெட் வழக்கத்தைவிடப் பல மடங்கு விரியும். இரவு முழுக்க அமைதியாக இருந்த டிரேடு அந்த நேரத்தில் மூடியிருப்பதைப் பலர் காலையில் எழுந்துதான் பார்க்கிறார்கள். கணக்கு வரலாற்றில் டிரேடு மூடிய நேரத்தைப் பாருங்கள், சர்வர் நள்ளிரவை ஒட்டி இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மெட்டாடிரேடரில் எஃப்8 விசையைத் தட்டி ‘ஷோ ஆஸ்க் லைன்’ என்பதை டிக் செய்துகொள்ளுங்கள். அது இந்த நொடியின் ஆஸ்க் விலையைக் கோடாகக் காட்டும். பழைய கேண்டில்களின் ஆஸ்க் விலையை அது காட்டாது, எனவே விற்கும் டிரேடுகளில் ஸ்டாப்பை எதிர்ப்பு நிலைக்கு (விலை ஏறி வந்து திரும்பும் இடத்துக்கு) மேல் வைக்கும்போது ஸ்பிரெட்டுக்கென்று சில பிப் சேர்த்தே வையுங்கள். வாங்கும் டிரேடுக்கு இது வேண்டாம். அதன் ஸ்டாப் பிட் விலையில்தான் அடிபடும், சார்ட்டில் தெரிவதும் பிட்தான்.

இதோடு சேர்த்து ஒன்று. கேண்டிலின் நுனி வால் வரை துல்லியமாகக் கோடு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு 1.20 ஃப்ராங்க் என்ற கீழ் வரம்பைக் கைவிட்டது. அன்றைய யூரோ/ஃப்ராங்க் தாழ்வு எது என்று நான்கு புரோக்கர் சார்ட்டில் பார்த்தால் நான்கு விடை கிடைக்கும். அது உச்சக்கட்ட உதாரணம். ஆனால் சாதாரண நாளிலும் ஓரிரு பிப் வித்தியாசம் இருந்துகொண்டேதான் இருக்கும். டிரேடிங்வியூவில் யூரோ/டாலர் என்று தேடினால் ஒரே பெயரில் பல வரும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாருடைய விலை என்று இருக்கும். உங்கள் புரோக்கர் அந்தப் பட்டியலில் இருந்தால் அதையே எடுங்கள்.

வால்யூம் பற்றி ஒரு வரி. ஸ்பாட் (உடனடி வர்த்தக) கரன்சி சார்ட்டில் தெரியும் வால்யூம், அந்த ஊட்டத்தில் விலை எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கை மட்டுமே. எவ்வளவு பணம் கைமாறியது என்பதல்ல. உண்மையான வால்யூம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் சிஎம்இ சந்தையில் நடக்கும் கரன்சி ஃபியூச்சர்ஸை (எதிர்கால ஒப்பந்தங்களை) பார்க்க வேண்டும். உங்கள் முறைக்கு அது தேவையில்லை. வால்யூம் இண்டிகேட்டருக்குக் காசு கொடுக்காமல் இருந்தால் போதும்.

இப்போது எந்த மென்பொருள் என்பதற்கு வருவோம். மெட்டாடிரேடர் 4 வெளிவந்தது 2005-இல். வயதான மென்பொருள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது, டைம்ஃப்ரேம் (ஒரு கேண்டிலின் கால அளவு) ஒன்பதே ஒன்பது. ஆனால் இலகுவானது, பழைய கணினியிலும் ஓடும், அதற்கு எழுதப்பட்ட இண்டிகேட்டர்கள் ஏராளம். 2010-இல் வந்த மெட்டாடிரேடர் 5-இல் டைம்ஃப்ரேம் 21, பேக்டெஸ்ட் (பழைய விலையில் முறையைச் சோதிப்பது) வசதி பல மடங்கு மேல். 4-க்கு எழுதிய இண்டிகேட்டர் அதில் அப்படியே ஓடாது. சிடிரேடர் ஆர்டர் போடும் விதத்தில் நேர்த்தியானது, அதன் நிரல் மொழி சி ஷார்ப் என்பதால் மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு வசதி. டிரேடிங்வியூ உலாவியிலேயே ஓடும், வரைபடம் என்ற அளவில் மற்ற எல்லாவற்றையும்விட மேல் என்பது என் கருத்து. நிஞ்சாடிரேடர் முக்கியமாக ஃபியூச்சர்ஸ்காரர்களுக்கானது, உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு ஜோடி, நான்கு மணி நேர சார்ட், வேலைக்குப் போகிறவர். உங்களுக்கு இவற்றில் உண்மையிலேயே வித்தியாசம் செய்வது அலர்ட் மட்டும்தான். மெட்டாடிரேடர் 4-இன் அலர்ட் உங்கள் கணினியில் அந்த மென்பொருள் திறந்திருக்கும்வரைதான் வேலை செய்யும். போனுக்குத் தகவல் அனுப்பும்படி அமைக்கலாம், ஆனாலும் வீட்டுக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டிரேடிங்வியூ அலர்ட் அவர்கள் சர்வரில் ஓடுகிறது. கணினியை அணைத்துவிட்டு அலுவலகம் போகலாம், விலை 1.0900-ஐத் தொட்டால் போன் அடிக்கும். இலவசக் கணக்கில் அலர்ட் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இரண்டு ஜோடிக்கு எத்தனை அலர்ட் வேண்டும்? மேலே ஒன்று, கீழே ஒன்று. இலவசக் கணக்கிலேயே தொடங்குங்கள், அதன் வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் யோசனை: சார்ட்டும் அலர்ட்டும் டிரேடிங்வியூ இலவசக் கணக்கில், ஆர்டர் மெட்டாடிரேடரில். சந்தா இப்போது வேண்டாம். மாதம் 15 டாலர் சந்தா, கணக்கில் 1,000 டாலர் என்று வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 180 டாலர். சந்தாக் காசை மீட்கவே முதலில் 18 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். ஐரோப்பியப் பங்குச்சந்தை ஒழுங்கு ஆணையமான எஸ்மா 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, கரன்சியும் அடங்கிய சிஎஃப்டி வகை (பொருளை வாங்காமல் விலை வித்தியாசத்தை மட்டும் வைத்து நடக்கும்) வர்த்தகத்தில் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில்தான் இருந்தன. அந்தக் கூட்டத்தில் நல்ல மென்பொருள் வைத்திருந்தவர்களும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். இலவசத்தின் வரம்பு உங்களை உண்மையிலேயே இடிக்கும்போது, எந்த வரம்பு, எத்தனை முறை இடித்தது என்று சொல்ல முடிகிற அன்றைக்குச் சந்தா கட்டுங்கள்.

சார்ட் அமைப்பு. இதில்தான் பெரும்பாலானோர் தலைகீழாகப் போகிறார்கள்: முதலில் இண்டிகேட்டர்களை ஏற்றிவிட்டு, பிறகு அவற்றிலிருந்து ஒரு முறையைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் உங்கள் முறையைக் காகிதத்தில் எழுதுங்கள். ‘தினசரி சார்ட்டில் விலை 50 நாள் ஆவரேஜுக்கு மேல் இருந்தால் வாங்க மட்டும் பார்ப்பேன்; நான்கு மணி நேர சார்ட்டில் முந்தைய நிலைக்குத் திரும்பி வந்து அதற்குக் கீழே போக மறுக்கும் கேண்டில் உருவானால் வாங்குவேன்; ஸ்டாப் ஒன்றரை ஏடிஆர்’ என்பது போல. இது மாதிரிக்குச் சொன்னது, சிபாரிசு அல்ல. இந்த மூன்று வாக்கியத்துக்கு சார்ட்டில் தேவைப்படுவது ஒரு ஆவரேஜ், ஒரு ஏடிஆர், நீங்கள் கையால் வரைந்த கோடுகள். வேறெதுவும் இல்லை. ஆர்எஸ்ஐ, ஸ்டோகாஸ்டிக், சிசிஐ என்ற மூன்று இண்டிகேட்டர்களையும் அடுக்கி வைத்து மூன்றும் ஒத்துக்கொள்கிறதே என்று மகிழ்வது வீண். மூன்றுமே அதே விலையிலிருந்து வேகத்தைக் கணக்கிடுபவை, ஒரே ஆளிடம் மூன்று முறை கேட்டது போலத்தான்.

வெற்று சார்ட்டில் தொடங்குங்கள். இனி சொல்லும் விசைகளும் மெனுக்களும் ஆர்டர் போடும் மெட்டாடிரேடருக்கானவை. கண்ட்ரோல்+ஜி தட்டினால் கட்டங்கள் போய்விடும். கண்ட்ரோல்+ஒய் தட்டினால் நான்கு மணி நேர சார்ட்டில் வாரத்தையும் தினசரி சார்ட்டில் மாதத்தையும் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள் வரும், அவை அவசியம். நிறம் உங்கள் கண்ணுக்கு எது இதமோ அது. சிவப்பு பச்சை பிரித்தறிவது கடினம் என்றால் நீலமும் ஆரஞ்சும் வையுங்கள். பளீர் நிறங்களைத் தவிர்ப்பதில் ஒரு லாபம் உண்டு, பெரிய சிவப்பு கேண்டிலைப் பார்த்துப் பதறுவது குறையும்.

கோடுகளுக்கு இரண்டு சின்ன வசதிகளைப் பலர் தொடுவதே இல்லை. ஒரு கோட்டின் அமைப்பைத் திறந்தால் ‘விஷுவலைசேஷன்’ என்ற பகுதியில் அது எந்தெந்த டைம்ஃப்ரேமில் தெரிய வேண்டும் என்று குறிக்கலாம். தினசரி நிலைகள் தினசரியிலும் நான்கு மணி நேரத்திலும் தெரியட்டும். நான்கு மணி நேரக் கோடுகள் அதில் மட்டும். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் சார்ட் முழுக்கக் கோடாகிவிடும். இன்னொன்று, ஒவ்வொரு கோட்டுக்கும் ‘டிஸ்கிரிப்ஷன்’ இடத்தில் ஏன் போட்டேன், எப்போது போட்டேன் என்று நான்கு சொல் எழுதுங்கள். எஃப்8-இல் ‘ஷோ ஆப்ஜெக்ட் டிஸ்கிரிப்ஷன்ஸ்’ டிக் செய்தால் அந்த எழுத்து சார்ட்டிலேயே தெரியும். காரணம் எழுத முடியாத கோட்டை அழித்துவிடலாம்.

எல்லாம் அமைந்தபின் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். ‘டிஃபால்ட்’ என்ற பெயரையே ஆங்கிலத்தில் கொடுத்துச் சேமித்தால் இனி திறக்கும் ஒவ்வொரு சார்ட்டும் அப்படியே வரும். இரண்டு ஜோடி, இரண்டு டைம்ஃப்ரேம், ஆக நான்கு சார்ட். அதை ஒரு புரொஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஃபைல் மெனுவில் ‘ஓபன் டேட்டா ஃபோல்டர்’ வழியாகப் போய் டெம்ப்ளேட், புரொஃபைல் கோப்புறைகளை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கணினி மாற்றும்போதுதான் இதன் அருமை தெரியும்.

நண்பர் சார்ட்டோடு இண்டிகேட்டரை ஒப்பிடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. எம்ஏசிடி என்பது இரண்டு மூவிங் ஆவரேஜ்களின் வித்தியாசத்தைக் காட்டும் இண்டிகேட்டர். மெட்டாடிரேடரில் வரும் எம்ஏசிடி-யில் செங்குத்துப் பட்டைகளாகத் தெரிவது எம்ஏசிடி கோடேதான். சிக்னல் கோடு அதன் சாதாரண ஆவரேஜ். டிரேடிங்வியூவில் பட்டைகள் என்பவை எம்ஏசிடி-க்கும் சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம்; சிக்னல் எக்ஸ்பொனென்ஷியல் ஆவரேஜ் (அண்மை மதிப்புகளுக்குக் கூடுதல் எடை தருவது). பெயரும் 12, 26, 9 என்ற எண்களும் ஒன்று, படம் வேறு. ‘பட்டை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது’ என்று அவர் சொன்னால் உங்கள் சார்ட்டில் அதற்குப் பொருளே வேறு. அதேபோல் பழைய இண்டிகேட்டர்கள் நான்கு தசம விலைக் காலத்தில் எழுதப்பட்டவை. இப்போது விலை 1.08205 என்று ஐந்து தசமத்தில் வருகிறது, யென்னில் மூன்று. நீங்கள் 20 என்று கொடுப்பதை 20 பிப் என்று நினைப்பீர்கள், அது 2 பிப்பாக எடுத்துக்கொள்ளும். புதிதாக எதை ஏற்றினாலும் முதலில் இதைச் சரிபாருங்கள்.

அம்புக்குறி இண்டிகேட்டர் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். விளம்பரப் படத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் பச்சை அம்பு, ஒவ்வொரு உச்சியிலும் சிவப்பு அம்பு இருக்கும். விலை எங்கே திரும்பியது என்று தெரிந்த பிறகு அந்த இடத்தில் அம்பு வைப்பது எந்த நிரலுக்கும் சுலபம். உச்சங்களையும் பள்ளங்களையும் கோட்டால் இணைக்கும் ஸிக்ஸாக் இண்டிகேட்டர் அப்படித்தான் வேலை செய்கிறது. அதன் கடைசிக் கால், விலை மேலே போகப் போக இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதை ரீபெயிண்ட் என்பார்கள். பெரிய டைம்ஃப்ரேம் மதிப்பைச் சிறிய டைம்ஃப்ரேமில் காட்டும் பல இண்டிகேட்டர்களிலும் இது ஒளிந்திருக்கும்.

சோதிக்கும் முறை எளிது, ஆனால் பலர் தப்பாகச் செய்கிறார்கள். மெட்டாடிரேடரில் எஃப்12 தட்டித் தட்டி ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்திப் பார்த்துவிட்டு, ரீபெயிண்ட் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். எஃப்12 திரையைத்தான் நகர்த்துகிறது. இண்டிகேட்டர் முழு வரலாற்றையும் வைத்து ஏற்கெனவே கணக்கை முடித்துவிட்டது. சரியான சோதனை நேரலையில்தான். டெமோவில் ஐந்து நிமிட சார்ட்டில் ஓடவிடுங்கள். அம்பு வந்த உடனே நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறுநாள் மென்பொருளை மூடித் திறந்து, அந்த அம்புகள் அதே கேண்டிலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பவர் சோதனைக் காலமே தரமாட்டேன் என்றால் அதுவே விடை. ஹைக்கின் ஆஷி என்ற, விலையைச் சராசரியாக்கி வரையும் கேண்டிலில் காட்டப்படும் பேக்டெஸ்ட் லாபத்தையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். அந்த கேண்டிலின் மூடும் விலை நான்கு விலைகளின் சராசரி. அந்த விலையில் உங்களுக்கு யாரும் விற்க மாட்டார்கள்.

பாதுகாப்பு விஷயம் ஒன்று. இப்படி விற்கப்படும் கோப்புகளின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது. நிறுவும்போது ‘அலோ டிஎல்எல் இம்போர்ட்ஸ்’ என்று அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். அது மென்பொருளுக்கு வெளியே உங்கள் கணினியையே தொட வழிவிடுவது. ‘ஆக்டிவேட் செய்ய’ யாராவது கணக்குப் பாஸ்வேர்டு கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். யாருக்காவது உங்கள் டிரேடுகளைக் காட்ட வேண்டுமென்றால் மெட்டாடிரேடரில் இன்வெஸ்டர் பாஸ்வேர்டு என்று தனியாக உண்டு, அதில் பார்க்க மட்டுமே முடியும்.

அந்தக் காசுக்கும் நேரத்துக்கும் பதிலாகக் கொஞ்சம் பைன் ஸ்கிரிப்டோ (டிரேடிங்வியூவின் நிரல் மொழி) எம்க்யூஎல்-லோ (மெட்டாடிரேடரின் நிரல் மொழி) கற்றுக்கொள்ளுங்கள். சிக்னல் எழுதுவதற்காக அல்ல, லாட் அளவு, அதாவது எவ்வளவு பெரிய டிரேடு என்பதை, கணக்கிட. 1,000 டாலர் கணக்கில் ஒரு டிரேடுக்கு 1 சதவீதம், அதாவது 10 டாலர்தான் இழக்கத் தயார். ஸ்டாப் 40 பிப். யூரோ/டாலரில் 0.01 லாட்டுக்கு ஒரு பிப் 10 சென்ட், 40 பிப்புக்கு 4 டாலர். ஆக 0.02 லாட், மிச்சத்தை விட்டுவிட வேண்டும். டாலர்/யென் 150-இல் இருக்கும்போது 0.01 லாட்டுக்கு ஒரு பிப் 10 யென், அதாவது 7 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதே 10 டாலருக்கு 0.03 லாட் வரை போகலாம். அவசரத்தில் இதை மனக்கணக்காகப் போடும்போதுதான் தசமப் புள்ளி இடம் மாறும். ஸ்டாப்பை இழுத்து வைத்ததும் லாட் அளவும் அப்போதைய ஸ்பிரெட்டும் சார்ட்டின் மூலையில் தெரியும்படி ஒரு சின்ன நிரல் இருந்தால், விலை கொடுத்து வாங்கும் எந்த அம்பையும்விட அது உங்களுக்கு உதவும். செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி எழுத வைத்தாலும் சரி. பிழையில்லாமல் ஓடுகிறது என்பதால் கணக்கு சரி என்று ஆகிவிடாது. இரண்டு ஜோடியிலும் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்த பிறகே நிஜக் கணக்கில் ஏற்றுங்கள்.

இரண்டாவது மானிட்டர் வேண்டாம். நான்கு சார்ட்டும் ஒரே திரையில் அடங்கும். போனில் சார்ட் பார்த்து டிரேடு எடுக்கும் பழக்கத்தை வளர்க்காதீர்கள். அந்தச் சின்னத் திரையில் கேண்டில்கள் நெருங்கித் தெரியும், எல்லா நிலையும் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். போன் அலர்ட் வாங்கவும், அவசரத்தில் டிரேடை மூடவும் மட்டும். மூடுவதற்கும் செயலியை மட்டும் நம்ப வேண்டாம். 2022 செப்டம்பரில் மெட்டாடிரேடர் செயலிகளை ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கிவிட்டது, 2023 மார்ச்சில்தான் அவை திரும்ப வந்தன. இடையில் போன் மாற்றியவர்கள் பலருக்குப் புதிதாக இறக்கிக்கொள்ள வழியில்லாமல் போனது. பெரும்பாலான புரோக்கர்களிடம் உலாவி வழியாகக் கணக்கில் நுழையும் வசதி உண்டு. அதைப் போனில் ஒருமுறை திறந்து, டெமோவில் ஒரு டிரேடை மூடிப் பார்த்து வையுங்கள். புரோக்கர் தொலைபேசி வழியாக டிரேடு மூடித் தருவாரா என்று கேட்டு, தருவார் என்றால் அந்த எண்ணையும் கணக்கு எண்ணையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.